சி டிரைவ் நிறைந்த மடிக்கணினியும் 48 பாட்டு கேசட்டுகளும்: மாதுங்காவில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மும்பை மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு பழைய கட்டடத்தில் இது நடந்தது. தம்பதி இருவருமே எழுபதைத் தாண்டியவர்கள். கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி முறையாகப் பாட்டு கற்றுக்கொண்டு, பிறகு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருபவர். நானும் அதே கட்டடத்தில் குடியிருப்பவன். அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். அவர்களை மாமா, மாமி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மாமியின் குரு 1984 முதல் 1993 வரை தன் வீட்டில் நடத்திய வகுப்புகளை மாமி ஒரு சின்ன டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார். மொத்தம் 48 கேசட்டுகள், எல்லாமே பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் 60 நிமிடக் கேசட்டுகள். குரு இன்று இல்லை. மேடையில் அதிகம் பாடியவரும் இல்லை. அவருடைய பாடாந்தரம் (குருவழியாக வந்த பாடும் முறை) முழுமையாக இருப்பது அந்தக் கேசட்டுகளில் மட்டும்தான். அவர் குடும்பத்தாரிடம்கூட ஒரு பதிவும் கிடையாது.

2022-இல் மாமா அவற்றைக் கணினிக்கு மாற்ற ஆரம்பித்தார். கேசட் பிளேயரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு கம்பி, லாமிங்டன் ரோட்டில் வாங்கிய சின்ன யூஎஸ்பி ஒலிப்பதிவுக் கருவி, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். மடிக்கணினி 2019-இல் வாங்கியது, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. அவசரமில்லாமல், மாதத்துக்கு ஒன்றிரண்டு கேசட்டாக வேலை போய்க்கொண்டிருந்தது.

என்னிடம் வந்தபோது இருந்த நிலை

2025 ஆகஸ்ட் கடைசியில், கணேஷ் சதுர்த்தி முடிந்த கையோடு மாமா வந்து சொன்னார். கணினி திறக்கவே வெகுநேரம் ஆகிறது, பதிவு பாதியில் நின்றுவிடுகிறது, விண்டோஸ் 11-க்கு மாறப் பார்த்தால் இடம் போதாது என்கிறது. சி டிரைவைக் காட்டும் பட்டை சிவப்பாக இருந்தது. 238 ஜிபியில் மிச்சம் 2 ஜிபிகூட இல்லை. (256 என்று சொல்லி விற்கிற டிரைவ் 238 என்று தெரிவதில் கோளாறு எதுவும் இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-இன் மடங்குகளாகக் கணக்கிடுகிறது. மாமா இதை வெகுநாளாகக் கடைக்காரரின் மோசடி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.)

இரண்டு கெடுக்கள் இருந்தன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிய இருந்தது. மாமா அதே கணினியில்தான் வங்கிக் கணக்கும் பார்க்கிறார், ஆகவே பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன கணினியை அவரிடம் விட்டுவைக்க எனக்கு மனமில்லை. இன்னொன்று, செப்டம்பர் 22-ஆம் தேதி நவராத்திரி தொடங்குவதற்குள் குருவின் பாடங்களைத் தன் மாணவிகளுக்குக் கொடுப்பதாக மாமி வாக்குக் கொடுத்திருந்தார்.

நான் பார்ப்பதற்கு முன்பே இருவர் யோசனை சொல்லியிருந்தார்கள். பழுதுபார்க்கும் கடை ஒன்றில், எல்லாவற்றையும் ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டுவிடலாம் என்றார்களாம். விடுமுறைக்கு வந்த பேரன் பெரிய ஃபைல்களாகப் பார்த்துச் சிலவற்றை அழித்துவிட்டுப் போயிருந்தான். எந்தெந்த ஃபைல்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

முதல் முடிவு: எதையும் அழிப்பதில்லை

முதலில் கேட்டது ஒரே கேள்விதான். இந்தக் கணினியில் இருப்பவற்றில் எதெல்லாம் வேறெங்கும் இல்லை? மாமா யோசித்துவிட்டுக் குருவின் பதிவுகள், குடும்பப் புகைப்படங்கள், வருமான வரித் தாள்கள் என்றார். அவற்றில் எதற்கும் இரண்டாவது பிரதி இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் மேகக் குறி கணினியில் தெரிந்ததால் எல்லாமே இணையத்தில் பத்திரமாக இருக்கிறது என்று அவர் நம்பியிருந்தார். இலவசக் கணக்கில் கிடைப்பது 5 ஜிபி. டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் சேர்ந்தே அதை நிரப்பியிருந்தன. பாட்டெல்லாம் இருந்த மியூசிக் ஃபோல்டர் அதில் சேரவே இல்லை.

ஒன்டிரைவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதற்குள் இருக்கிற ஃபைலைக் கணினியில் அழித்தால் இணையத்திலும் அழியும், அந்தக் கணக்கோடு இணைந்த கைபேசியிலும் காணாமல் போகும். கணினியில் இடம் மட்டும் வேண்டுமென்றால் ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து, இடத்தைக் காலி செய்வதற்கென்றே இருக்கிற கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது ஃபைல் இணையத்தில் இருக்கும், பெயர் மட்டும் கணினியில் தங்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் சுத்தம் செய்ய இறங்கினால், பிரதி இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே இரண்டு பிரதிகளும் ஒன்றாகப் போய்விடும்.

ஆகவே முதலில் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்குகள் வாங்குவது, அதுவரை யாரும் எதையும் அழிப்பதில்லை என்று தீர்மானித்தோம். மாமாவுக்கு ஒன்றே போதாதா என்று தோன்றியது. ஒரே ஒரு வெளி டிஸ்குக்கு ஃபைல்களை நகர்த்திவிட்டுக் கணினியில் அழித்தால், அப்போதும் மிஞ்சுவது ஒரு பிரதிதான். அதுவும் கீழே விழக்கூடிய, மேசை இழுப்பறையில் மறந்து கிடக்கக்கூடிய பிரதி. இரண்டு டிஸ்குகளில் ஒன்று வீட்டில் இருக்கும், இன்னொன்று செம்பூரில் இருக்கும் மாமியின் தங்கை வீட்டுக்குப் போகும் என்று முடிவானது.

பெரிய எஸ்எஸ்டி வாங்கி மாற்றிவிடலாமா என்றும் பேசினோம். அது நல்ல வழிதான், ஆனால் முதல் வழி ஆகாது. பிரதியே இல்லாத டிரைவைக் கழற்றி இன்னொன்றுக்கு மாற்றும்போது ஏதாவது தவறினால் திரும்பப் பெற வழியில்லை. அதோடு, டிரைவை அடைத்துக்கொண்டிருப்பது என்னவென்று தெரியாமல் மாற்றினால் புதியதும் சில வருடங்களில் நிரம்பும்.

ரீசைக்கிள் பின்னில் இருந்தவை

டிஸ்குகள் வந்ததும் முதலில் திறந்தது ரீசைக்கிள் பின். ஏறத்தாழ 6 ஜிபி அதில் கிடந்தது. டெலீட் செய்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறதே தவிர டிரைவில் அதன் இடம் அப்படியேதான் இருக்கும். அதனால் இடம் வேண்டுபவர்கள் எல்லோரும் முதலில் காலி செய்வது இதைத்தான், பெரும்பாலும் உள்ளே பார்க்காமலே.

நாங்கள் பார்த்தோம். பேரன் அழித்திருந்த சில சினிமா டிரெய்லர்களோடு, 12-ஆம் கேசட்டின் ஆடாசிட்டி ப்ராஜெக்ட் ஃபைலும் (பதிவை அந்த மென்பொருள் தன் சொந்த வடிவத்தில் சேமித்து வைப்பது) 31-ஆம் கேசட்டினுடையதும் இருந்தன. பட்டியலில் அளவு பெரிதாகத் தெரிந்ததால் அவன் அவற்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இரண்டையும் மீட்டோம். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்திருந்தால் மீட்பு மென்பொருள் வைத்துத் தேடியும் பயன் இருந்திருக்காது. எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு உண்டு, அழிக்கப்பட்ட பகுதிகளை டிரைவ் தானே துடைத்து வைத்துக்கொள்ளும். பழைய சுழல் ஹார்ட் டிஸ்குகளில் இருந்ததுபோல அழித்ததைத் திரும்பத் தோண்டியெடுக்கும் வாய்ப்பு இதில் மிகக் குறைவு.

எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருந்தது

விஸ்ட்ரீ என்ற இலவச மென்பொருளால் டிரைவை அளந்தோம். டிரைவில் விண்டோஸ் வைத்திருக்கும் ஃபைல் அட்டவணையை அது நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளில் முடித்துவிடுகிறது. விண்டோஸும் மென்பொருள்களும் சுமார் 48 ஜிபி. புகைப்படங்கள் 38. வாட்ஸ்அப் 13. டவுன்லோட்ஸ் 12. விண்டோஸின் மீட்பு நிலைகள் 5. மியூசிக் ஃபோல்டரில் ஆடாசிட்டி ப்ராஜெக்டுகள் 54, அவற்றிலிருந்து எடுத்த வேவ் என்ற சாதாரண ஒலி ஃபைல்கள் 27. இவை தவிர யாருக்கும் நினைவில்லாத ஒரு ஃபோல்டரில் 31 ஜிபி.

அந்த 31 ஜிபி மகளுடைய பழைய ஐஃபோனின் பேக்கப். சில வருடங்களுக்கு முன் ஊரிலிருந்து வந்தபோது மகள் ஐடியூன்ஸ் என்ற ஆப்பிள் மென்பொருளில் கைபேசியை இணைத்திருக்கிறார். அப்போது எடுத்த பேக்கப், கண்ணுக்குத் தெரியாத ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதில் இருக்கும் ஃபைல்களுக்குப் புரியாத எழுத்தும் எண்ணும்தான் பெயர். இரண்டொன்றை எடுத்து அழித்தாலும் முழு பேக்கப்பும் உதவாமல் போகும். புனேயில் இருக்கும் மகளிடம் மாமி தொலைபேசியில் கேட்டார். புதிய கைபேசி அந்த பேக்கப்பிலிருந்துதான் நிரப்பப்பட்டது, அதற்கப்புறம் எதுவும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை, ஆனாலும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் சொல்லும்வரை தொடவில்லை. சொன்ன பிறகும், முழு ஃபோல்டரை ஒரு வெளி டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டுத்தான் ஐடியூன்ஸின் அமைப்புகளுக்குள் போய் நீக்கினோம். கணினி மாமாவுடையதானாலும் அந்தப் புகைப்படங்கள் மகளுடையவை, அவற்றை அழிக்கும் முடிவை எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை.

பாட்டு ஃபைல்கள்: கடினமான பகுதி

அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் ஆடாசிட்டி ப்ராஜெக்டுகள்தான் மேலே வரும். அதுவரை பதிந்திருந்த 46 கேசட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ப்ராஜெக்டும் ஒரு வேவ் ஃபைலும் இருந்தன. யார் பார்த்தாலும் சொல்லக்கூடிய யோசனை இதுதான்: வேவ் இருக்கும்போது ப்ராஜெக்ட் எதற்கு, 54 ஜிபி ஒரே அடியில் கிடைக்குமே. மாமாவே அப்படித்தான் சொன்னார். கணக்கும் அதற்குச் சாதகமாகவே இருந்தது. ஆடாசிட்டி வழக்கமாக ஒலியின் ஒவ்வொரு மாதிரியையும் 32 பிட்டில் வைக்கிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள், இரண்டு சேனல்கள் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.2 ஜிபி ஆகும். வேவ் 16 பிட், ஆகவே சரிபாதி, சுமார் 600 எம்பி.

அழிப்பதற்கு முன் இரண்டையும் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று மாமியைக் கூப்பிட்டோம். இந்த நிகழ்வில் மிக முக்கியமான உண்மை அப்போதுதான் வெளியே வந்தது. வேவ் ஃபைலைக் கொஞ்ச நேரம் கேட்டதுமே மாமி, "இதுல சுருதியே இல்லையே, டீச்சர் தனியா நிக்கற மாதிரி இருக்கு" என்றார். ப்ராஜெக்டைப் போட்டதும் தம்புரா முழுசாகக் கேட்டது.

காரணம் இரைச்சல் குறைப்பு. கேசட்டின் சீறலைப் போக்குவதற்காக, வேவ் எடுப்பதற்கு முன் மாமா ஆடாசிட்டியில் இருக்கும் அந்த வசதியைப் பயன்படுத்தியிருந்தார். அது வேலை செய்யும் விதம் இப்படி: பேச்சோ பாட்டோ இல்லாத ஒரு சிறு பகுதியை மாதிரியாகக் கொடுக்க வேண்டும். அதில் தொடர்ந்து ஒலிப்பது எதுவோ அதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு முழுப் பதிவிலிருந்தும் குறைக்கும். பாட்டு வகுப்பில் பாட்டு இல்லாத இடம் எது? குரு பாட ஆரம்பிப்பதற்கு முன் தம்புரா மட்டும் மீட்டப்படும் அந்தச் சில நொடிகள்தான். மென்பொருளுக்குத் தம்புரா என்று தெரியாது, மாறாமல் ஒலிக்கும் சத்தம் என்றுதான் தெரியும். சீறலோடு சேர்த்துச் சுருதியையும் தேய்த்துவிட்டது. ஸ்வரங்களின் ஓரங்களும் மழுங்கியிருந்தன. கமகங்களின் முடிவில் குரல் மெலிந்துபோகிற இடங்கள் வெட்டினாற்போல் நின்றன. கர்நாடக இசைப் பதிவுகளை டிஜிட்டலாக்கும் எல்லோரும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சீறலோடு கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது, ஆனால் போன சுருதியைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நல்ல வேளையாக மாமா ப்ராஜெக்டை இரைச்சல் குறைப்பதற்கு முன்பே சேமித்துவிடும் வழக்கம் வைத்திருந்தார். ஆக ப்ராஜெக்டில் இருந்ததுதான் மூலம். வேவில் இருந்தது அதன் குறைபட்ட பிரதி. இடம் அடைக்கிறது என்று நாங்கள் அழிக்க நினைத்தது மூலத்தை.

அதற்கப்புறம் எல்லா ஃபைல்களின் கால அளவையும் எடுத்துப் பட்டியல் போட்டோம். 60 நிமிடக் கேசட் என்றால் இரு பக்கமும் சேர்ந்து 60 நிமிடத்துக்குச் சற்று மேலேயே ஓடும். மூன்று வேவ் ஃபைல்கள் அதற்கு வெகுவாகக் குறைந்திருந்தன, ஒன்று 22 நிமிடத்தில் நின்றுபோயிருந்தது. டிரைவில் இடம் தீர்ந்துகொண்டிருந்த மாதங்களில் எடுத்தவை அவை. ஃபைல் எழுதப்படும்போதே இடம் தீர்ந்ததால் பாதியில் முடிந்திருக்கிறது. எச்சரிக்கை வந்ததாக மாமாவுக்கு நினைவு, சரி என்பதை அழுத்திவிட்டு மேலே போயிருக்கிறார். ஃபைலின் பெயர் இருக்கிறது, திறந்தால் பாட்டு கேட்கிறது, ஆகவே முழுசாக இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். ப்ராஜெக்டுகளில் மட்டும் அவை முழுமையாக இருந்தன. 46-ஆம் கேசட்டில் ப்ராஜெக்டே 38 நிமிடத்தில் நின்றிருந்தது. அதைக் கேசட்டிலிருந்து மறுபடி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எந்த வடிவத்தில் வைப்பது

ப்ராஜெக்டுகளை அப்படியே வைத்திருக்கவும் மனமில்லை. அவை ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் ஃபைல்கள். ஐம்பது வருடம் கழித்து அந்த மென்பொருள் இருக்குமா என்று கேட்டு வைக்க வேண்டிய பொருள் இது.

ஃப்ளாக் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தோம். 2001 முதல் புழக்கத்தில் இருப்பது, யாரும் உரிமைக் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம், 2024 டிசம்பரில் இணையத் தரநிலையாகவும் முறைப்படி வெளியாகிவிட்டது. விண்டோஸ் 10-இலும் ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் தனி மென்பொருள் இல்லாமலே பாடும். எம்பி3 போல ஒலியில் எதையும் கழித்துவிடுவதில்லை. விரித்தால் மூலத்தின் ஒவ்வொரு பிட்டும் திரும்ப வரும். இன்னொரு வசதியும் எங்களைக் கவர்ந்தது. ஒலியின் சரிபார்ப்பு எண் ஒன்று ஃபைலின் தலைப்பகுதியிலேயே எழுதப்படுகிறது. பிறகு எப்போது வேண்டுமானாலும் ஃப்ளாக் கருவியைக் கொண்டு சோதித்தால், ஃபைல் கெட்டிருக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். கேட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

16 பிட்டில் எடுத்தோம். ஒலி ஆவணக் காப்பகங்கள் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அளவைப் பரிந்துரைக்கின்றன என்பது தெரியும். ஆனால் மாமாவின் யூஎஸ்பி கருவி தந்ததே 16 பிட்தான். பிறகு பிட்டைக் கூட்டினால் புதிதாக எதுவும் ஒலியில் சேராது. இரு சேனல்களையும் ஒன்றாக்கி மோனோவாக வைத்தால் இன்னும் இடம் குறையும் என்பதையும் யோசித்தோம், அந்த டேப் ரெக்கார்டர் மோனோ என்பதால். அதைச் செய்யவில்லை. நாடாவின் ஒரு ஓரம் தேய்ந்திருந்தால் மற்ற சேனல் தெளிவாக இருக்கும், பின்னாளில் யாராவது நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ப்ராஜெக்டுகளிலிருந்து எடுத்த ஃப்ளாக் ஃபைல்கள் எல்லாம் சேர்ந்து 16 ஜிபிக்குள் அடங்கின. நாடாவின் சீறல் இருப்பதால் ஸ்டூடியோ பதிவு அளவுக்குச் சுருங்கவில்லை. ஒவ்வொன்றையும் கருவியால் சோதித்தோம். அதுபோக, மாமி ஒவ்வொரு ஃபைலிலும் ஆரம்பம், நடு, முடிவு மூன்றையும் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் கீர்த்தனையின் பெயரையும் ராகத்தையும் எழுதிக்கொண்டே வந்தார். இரண்டு கேசட்டுகளின் பெயர்கள் மாறிப்போயிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். இந்த வேலையை எந்தக் கருவியும் செய்திருக்க முடியாது.

அதன்பின் ஃப்ளாக் ஃபைல்கள், ப்ராஜெக்டுகள், புகைப்படங்கள், வரித் தாள்கள் எல்லாவற்றையும் இரண்டு டிஸ்குகளிலும் பிரதி எடுத்தோம். இழுத்துப் போடாமல் விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்தினோம். எத்தனை ஃபைல் போயிற்று, எத்தனை தவறியது என்று முடிவில் அது கணக்குக் காட்டும். தவறியது பூஜ்யம் என்று இரு டிஸ்குகளிலும் பார்த்த பிறகுதான் கணினியிலிருந்த ப்ராஜெக்டுகளையும் வேவ் ஃபைல்களையும் மாமா தன் கையாலேயே நீக்கினார்.

மற்றவை

டவுன்லோட்ஸை மாமாவோடு உட்கார்ந்து பார்த்தோம். அதில் பாதி ஒரே மின்கட்டண ரசீதின் பல பிரதிகளும் பழைய மென்பொருள்களை நிறுவும் ஃபைல்களுமாக இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனும் கிடந்தது. இந்த ஃபோல்டரைக் கண்ணை மூடிக்கொண்டு காலி செய்யக்கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் டிஸ்க் கிளீனப் பட்டியலில் டவுன்லோட்ஸும் சேர்க்கப்பட்டது. பழக்கத்தில் எல்லாக் கட்டங்களையும் டிக் செய்தவர்கள் அதில் வைத்திருந்ததை இழந்தார்கள். பின்னர் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் செட்டிங்ஸில் வரும் தற்காலிக ஃபைல்களின் பட்டியலில் அது இன்னமும் இருக்கிறது. அப்டேட்டின் மிச்சங்களையும் தற்காலிக ஃபைல்களையும் அங்கேதான் நீக்கினோம், டவுன்லோட்ஸ் கட்டம் டிக் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

வாட்ஸ்அப்பில் காலை வணக்க வீடியோக்கள் போய், குடும்பக் குழுவில் வந்த படங்கள் தங்கின. 13 ஜிபி 4 ஆயிற்று. புகைப்படங்களில் இரட்டைப் பிரதிகள் நிறைய இருந்தன. ஆனாலும் அவற்றைத் தொடவில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துப் பிரிக்க நேரமும் நிதானமும் வேண்டும். நவராத்திரிக்கு முன் அது நடக்காது, இடத்துக்கும் இனி அது தேவைப்படவில்லை.

ஹைபர்னேஷன் ஃபைலை நீக்கினால் சுமார் 3 ஜிபி கிடைத்திருக்கும். மடிக்கணினியின் பேட்டரி தீரும்போது திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றுவது அதுதான் என்பதால் விட்டுவிட்டோம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் பெரிதாகத் தெரியும். அதிலுள்ள ஃபைல்களில் பல வேறிடத்தில் இருப்பவற்றோடு இணைக்கப்பட்டவை, இருமுறை எண்ணப்படுவதால்தான் அளவு பெரிதாகக் காட்டுகிறது. கையால் அழித்தால் விண்டோஸே திறக்காமல் போகலாம். அந்தப் பக்கமே போகவில்லை.

கேசட்டுகள்

46-ஆம் கேசட்டை மறுபடி ஓட்டியபோது ஒலி மங்கி மங்கி வந்தது. நாடாவைப் பிளேயரின் ஒலி படிக்கும் தலையோடு (ஹெட்) அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு பசை விட்டு உதிர்ந்திருந்தது. திருகாணி வைத்த கேசட் என்பதால் கழற்ற முடிந்தது. வேறொரு பழைய சினிமாப் பாட்டு கேசட்டின் கூட்டுக்குள் நாடாச் சுருள்களை மாற்றிப் போட்டதும் தெளிவாகப் பாடியது. அதுவரை பதியாமல் இருந்த 47-ஆம் கேசட்டும் சிரமமில்லாமல் முடிந்தது.

48-ஆம் கேசட்டின் நாடா ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. மும்பை மழைக்காலத்தின் ஈரம் பல வருடமாக ஒரு மர அலமாரியில் சேர்ந்ததன் விளைவு. அதைப் பிளேயரில் போட்டால் பூஞ்சை தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்து ஓட்டும் கேசட்டுகளுக்கும் பரவும். தனியாக ஒரு மூடிய டப்பாவில் வைத்தோம். நாடாக்களைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் கையில்தான் அதைக் கொடுக்க வேண்டும். இன்றுவரை அது எடுக்கப்படாமல்தான் இருக்கிறது.

பின்னர் நடந்தது

கணினியில் இப்போது 115 ஜிபி அளவுக்குக் காலி இடம் இருக்கிறது. ஃப்ளாக் ஃபைல்கள் கணினியிலும் இரு டிஸ்குகளிலுமாக மூன்று இடத்தில் உள்ளன. நவராத்திரிக்கு முன்பே மாணவிகளுக்கு எம்பி3 பிரதிகள் பென் டிரைவில் போய்ச் சேர்ந்தன. 128 கேபிபிஎஸ் அளவில், பதிந்த அத்தனை கேசட்டும் 3 ஜிபிக்குள் அடங்கிவிட்டன. கைபேசியில் போட்டுக்கொண்டு கூடவே பாடிப் பழகுவதற்கு அது தாராளம். கொலுவில் பாட வந்தவர்களில் ஒரு பெண், குருவின் பதிவிலிருந்து கற்ற சங்கதிகளோடு பாடினாள். மாமி அதை இரண்டுமுறை பாடச் சொன்னார்.

அக்டோபர் முதல் வாரத்தில் விண்டோஸ் 11-க்கு மாற்றினோம். மாற்றிய உடனே காலி இடம் மறுபடி 20 ஜிபிக்கு மேல் குறைந்ததும் மாமா பதறிப்போனார். பழைய விண்டோஸை 'விண்டோஸ் ஓல்ட்' என்ற ஃபோல்டரில் கணினி வைத்திருக்கும், 10 நாளைக்குள் வேண்டாமென்றால் பழையதற்குத் திரும்பலாம், அதன்பின் தானே நீங்கிவிடும் என்று சொன்னேன். அப்படியே நீங்கியது. வேகமும் சீரானது. டிரைவ் மூச்சுமுட்ட நிரம்பியிருந்ததே மந்தத்துக்குப் பெரும் காரணம் என்று நினைக்கிறேன்.

மாற்றிக்கொண்டவை

இனி யாராவது கேசட் கொண்டுவந்தால் செய்யவேண்டிய முறையை மாமா ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறார். பதிந்து முடித்ததும் எந்தத் திருத்தமும் செய்யாமல் ஃப்ளாக் எடுப்பது, கால அளவைக் கேசட்டோடு ஒப்பிடுவது, சோதிப்பது, டிஸ்கில் போடுவது, அதற்கப்புறம்தான் ப்ராஜெக்டை நீக்குவது. இரைச்சல் குறைத்த பிரதி வேண்டுமானால் தனிப் பெயரில், தனி ஃபோல்டரில். பதிவைத் தொடங்குவதற்கு முன் 20 ஜிபியாவது காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறார்.

ப்ராஜெக்டுகளை வீட்டிலுள்ள டிஸ்கில் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு நீக்கலாம் என்று முடிவு. செம்பூர் டிஸ்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்து, புதியவற்றைச் சேர்த்து, ஃப்ளாக் சோதனையை முழுசாக ஓட்டிவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். முதல் தடவை மார்ச் மாதம். குடும்பப் புகைப்படங்களைப் பிரிக்கும் வேலையை, கோடை விடுமுறைக்கு வரும்போது பேரனும் மாமியும் சேர்ந்து உட்கார்ந்து செய்வதாகப் பேசி வைத்திருக்கிறார்கள்.